எப்படிப்பட்ட மேயர் வேண்டும்? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வவுனியாவில் ஒரு சின்னக் கொமினிக்கேசன் வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி எடுப்பது, படிவம் நிரப்பிக் கொடுப்பது, சபைக்கும் செயலகத்துக்கும் கடிதம் ரைப் பண்ணிக் கொடுப்பது, இதுதான் வேலை. 2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடந்ததற்கு முன்னும் பின்னும், கடிதம் பிறின்ட் ஆகும்வரை வாங்கில் இருக்கிறவர்கள் ஒரே கேள்விகளைத்தான் கேட்டார்கள், இப்போதும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே சேர்த்து எழுதுகிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

மேயர், தவிசாளர், நகரபிதா எல்லாம் ஒண்டா, வேற வேறயா?

மாநகர சபையின் தலைவர்தான் மேயர், தமிழில் மாநகர முதல்வர். நகர சபைக்கும் பிரதேச சபைக்கும் தலைவராக இருப்பவர் தவிசாளர். நகரபிதா என்பது சனம் மரியாதைக்குச் சொல்லிப் பழகிய பெயர்.

வன்னியில் மேயர் என்று இருப்பது வவுனியாவில் மட்டும்தான். நகர சபையாக இருந்த வவுனியா 2025இல்தான் முதல் தடவையாக மாநகர சபையாகத் தேர்தலைச் சந்தித்தது. மன்னாரில் நகர சபை இருக்கிறது. கிளிநொச்சி எவ்வளவு பெரிய ரவுணாக வளர்ந்திருந்தாலும் அது இன்னும் கரைச்சிப் பிரதேச சபைக்குள்தான் இருக்கிறது, முல்லைத்தீவு மாவட்டத்தில் இருக்கிற நான்கும் பிரதேச சபைகள்தான். ஆனால் கீழே நான் சொல்லுவது முக்கால்வாசி எல்லாத் தலைவர்களுக்கும் பொருந்தும். மேயர் என்று எழுதியிருக்கிற இடத்தில் கரைச்சிக்காரரும் புதுக்குடியிருப்புக்காரரும் தவிசாளர் என்று வாசியுங்கள்.

பிரதேச சபையும் பிரதேச செயலகமும் ஒண்டுதானே தம்பி?

இல்லை அம்மா. அதிகம் குழம்புகிற இடம் இதுதான், கடைக்கு வருகிற கடிதங்களில் நாலில் ஒன்று பிழையான இடத்துக்கே போகப் பார்க்கிறது. செயலகம் அரசாங்கத்தின் கந்தோர். அங்கே இருக்கிற பிரதேச செயலாளர் நியமனத்தில் வந்த உத்தியோகத்தர், அவருக்குக் கீழேதான் கிராம சேவையாளர்கள். காணி அனுமதிப்பத்திரம், அஸ்வெசும என்கிற அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவு, பிறப்பு இறப்புப் பதிவு எல்லாம் அந்தப் பக்கம்.

சபை நாங்கள் வோட் போட்டு அமைக்கிறது. அதில் இருக்கிறவர்கள் எங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். காணிப் பத்திரம் கிடைக்கவில்லை என்று மேயரைத் திட்டுவதிலும் நியாயம் இல்லை, ஒழுங்கைக் குப்பை அள்ளவில்லை என்று பிரதேச செயலாளரிடம் போய் நிற்பதிலும் பலன் இல்லை.

அப்ப மேயரால என்னதான் செய்யேலும்?

குப்பை அள்ளுவது, ஒழுங்கைகளும் உள்வீதிகளும், வீதியோர வாய்க்கால், தெருவிளக்கு, சந்தை, பொதுக் கழிப்பறை, சுடலை, நூலகம், சிறுவர் பூங்கா, கட்டட அனுமதி, வியாபார அனுமதிப்பத்திரம், தீயணைப்பு. சின்ன விசயங்களாகத் தெரியும். ஆனால் காலையில் கதவைத் திறந்து வெளியே கால் வைத்ததிலிருந்து இரவு வீடு திரும்பும்வரை எங்கள் காலில் படுவதெல்லாம் இவைதான்.

மேயரின் கையில் இல்லாதது எது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஏ9 வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது. ஏ, பி வீதிகள் அவர்களிடம், சி, டி வீதிகள் மாகாணத்திடம், அதற்குக் கீழே உள்ளவைதான் சபையிடம். குழாய்த் தண்ணீர் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் வேலை. பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்திடமும் சின்னக் குளங்கள் கமநல சேவைத் திணைக்களத்திடமும் இருக்கின்றன. பாடசாலைக்கு வலயக் கல்விப் பணிமனை. தேர்தல் மேடையில் ஏறி "இரணைமடுக் குளத்துத் தண்ணீர் கொண்டுவருவேன், வேலைவாய்ப்புத் தருவேன், காணி விடுவிப்பேன்" என்று சொல்லுகிறவருக்கு ஒன்றில் தன் கதிரையின் அளவு தெரியவில்லை, அல்லது தெரிந்தும் பொய் சொல்லுகிறார். இரண்டும் வேண்டாம்.

மேயரை நாங்கள் நேரா தெரிவு செய்யிறேல்லையா?

இல்லை. நீங்கள் போடுவது ஒரு புள்ளடி, அது உங்கள் வட்டாரத்தில் நிற்கிற கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ போகிறது. உறுப்பினர்களில் 60 வீதம் வட்டாரத்தில் வென்று வருவார்கள், 40 வீதம் கட்சியோ குழுவோ கொடுத்த பட்டியலிலிருந்து வருவார்கள். ஒரு கட்சிக்கு அறுதிப் பெரும்பான்மை கிடைத்தால் அந்தக் கட்சியே மேயரைப் பெயர் குறித்து அனுப்பும். கிடைக்காவிட்டால் உள்ளூராட்சி ஆணையாளர் கூட்டுகிற முதல் அமர்வில் உறுப்பினர்கள் வாக்களித்துத் தெரிவு செய்வார்கள். சமனாக வந்தால் திருவுளச்சீட்டு.

2025இல் வவுனியாவில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை வரவில்லை, எங்கள் பக்கத்தில் இதுதான் வழமையாகி வருகிறது. ஆகவே வட்டாரத்துக்கு நல்ல உறுப்பினரைத் தெரிவு செய்வதும், "வென்றால் யாரை மேயராகப் போடப் போகிறீர்கள்?" என்று வீட்டுக்கு வருகிறவரிடம் வாசலிலேயே கேட்பதும் உங்கள் கையில் இருக்கிறது. பெயர் சொல்லத் தயங்குகிற கட்சியிடம் திரும்பவும் கேளுங்கள்.

சரி, முதல்ல என்ன குணத்தைப் பாக்கவேணும்?

கணக்கு. என்னிடம் கேட்டால் இதைத்தான் முதலாவதாகச் சொல்லுவேன்.

எங்கள் ஊரில் ஒரு மரண உதவிச் சங்கம் இருக்கிறது. வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் அக்கா எழும்பி, நீலமட்டை போட்ட சீ.ஆர். கொப்பியை விரித்து வாசிப்பார். பந்தல் தகரம் நாற்பது, சரியாக இருக்கிறது. பிளாஸ்டிக் கதிரை நூறு, அதில் மூன்று உடைந்தது. இரண்டு யார் வீட்டுச் சடங்கில் உடைந்தது, அவர்கள் காசு கட்டிவிட்டார்கள், பற்றுச்சீட்டு இலக்கம் இது. மூன்றாவது சங்கத்துக் கொட்டிலுக்குள்ளேயே வெயில் பட்டு வெடித்தது, அதைச் சங்கச் செலவில் எழுதியிருக்கிறேன், யாருக்காவது ஆட்சேபனை இருந்தால் இப்பவே சொல்லுங்கள். இப்படித்தான் இருக்கும் அவருடைய வாசிப்பு. ஒருமுறை சொந்தத் தம்பியார் பாத்திரங்களை எடுத்துப்போய் இரண்டு நாள் பிந்திக் கொடுத்ததற்குப் பிந்திய கட்டணத்தை அறவிட்டு, அதையும் சபையில் வாசித்தார். தம்பியார் அங்கேதான் இருந்தார்.

ஒரு கதிரைக்குக் கணக்குச் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் குப்பையை அமுக்கி ஏற்றுகிற ஒரு கொம்பக்டர் வாகனத்துக்கும் கணக்குச் சொல்லத் தெரியும். எல்லா ஊரிலும் சங்கங்கள் இருக்கின்றன: கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கமக்கார அமைப்பு, பாடசாலை அபிவிருத்திச் சங்கம், கோயில் பரிபாலன சபை, பள்ளிவாசல் நிர்வாகம், விளையாட்டுக் கழகம், வர்த்தகர் சங்கம். வேட்பாளர் இவற்றில் எதிலாவது பொறுப்பில் இருந்திருப்பார். அங்கே போய்க் கேளுங்கள், கணக்கை நேரத்துக்குக் காட்டினாரா, பதவி முடிந்ததும் திறப்பையும் கொப்பியையும் ஒழுங்காகக் கையளித்தாரா என்று. எந்தப் பிரசுரத்திலும் இது அச்சாகி வராது.

படிச்ச ஆளா இருக்கவேணுமோ? இங்கிலீசு, சிங்களம்?

பட்டம் கட்டாயம் என்று நான் நினைக்கவில்லை, சட்டமும் கேட்கவில்லை. ஆனால் வாசிக்கிற ஆளாக இருக்க வேண்டும். மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் என்று ஒன்று 1947இல் வந்தது, பிரதேச சபைகளுக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். தன் சபையின் சட்டத்தைத் தமிழில் ஒருமுறையாவது வாசித்தாரா என்று கேளுங்கள். வாசிக்காதவரை உத்தியோகத்தர்கள் "ஐயா, அதுக்குச் சட்டத்தில இடமில்லை" என்ற ஒரு வசனத்தால் நாலு வருசமும் ஓட்டிவிடுவார்கள்.

சிங்களம் தெரிந்தால் மெத்த நல்லது. கொழும்பில் ஒரு அமைச்சில் போய் நின்று விளங்கப்படுத்த வேண்டிய நாள் வரும், பக்கத்துச் சபையுடன் கதைக்க வேண்டி வரும், எங்களுக்கு அருகிலேயே வவுனியா தெற்கு சிங்களப் பிரதேச சபை இருக்கிறது. தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போகிற பணிவு இருந்தாலும் போதும்.

காசுள்ள ஆள் எண்டா களவெடுக்க மாட்டார் எண்டு சொல்லினம். அது சரிதானே?

சரியில்லை. இருக்கிறவனுக்கு இன்னும் வேண்டும் என்று வராது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. நான் பயப்படுவது தேர்தலுக்குக் கொட்டிய காசைத் திரும்ப எடுக்க வேண்டும் என்ற நினைப்புடன் கதிரையில் ஏறுகிறவரைப் பார்த்துத்தான். 2023இல் வந்த தேர்தல் செலவினச் சட்டப்படி வேட்பாளர்கள் முடிவு வெளியாகி 21 நாளுக்குள் செலவு விபரம் கொடுக்க வேண்டும். அதே ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டப்படி உள்ளூராட்சி உறுப்பினர்களும் சொத்து விபரம் கொடுக்க வேண்டும். இரண்டையும் ஒளிக்காமல் கொடுத்தவரா என்று பாருங்கள்.

ஒப்பந்தக்காரர்களாக இருக்கிற உறவுக்காரரையும் பாருங்கள். மேயரின் மச்சானுக்குக் கிரவல் ரிப்பர் நாலு இருந்தால், அந்த மச்சான் சபையின் வேலைக்கு ரெண்டர் போடுவாரா மாட்டாரா என்பதை வோட்டுக்கு முதலே கேட்டு வையுங்கள்.

கட்சியைப் பாக்கிறதா, ஆளைப் பாக்கிறதா?

இது வன்னியில் லேசான கேள்வி இல்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் கந்தசாமி கோயிலடியில் இருந்து போராடிய நகரம் கிளிநொச்சி. வனவளத் திணைக்களமும் தொல்பொருளும் எல்லைக்கல் போட்ட காணிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். 2009 ஓகஸ்டில் வவுனியா நகர சபைக்குத் தேர்தல் நடந்தபோது செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் இலட்சக்கணக்கில் சனம் முட்கம்பிக்குப் பின்னால் இருந்தது. அந்த நேரத்தில் சனம் தெருவிளக்கைப் பார்த்து வோட் போடவில்லை. அது பிழை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் அந்தப் பெரிய விசயங்களில் மேயரால் முடிவது தீர்மானம் நிறைவேற்றுவதும் குரல் கொடுப்பதும்தான். அதைச் செய்யட்டும், செய்யவும் வேண்டும். அதைச் செய்வதற்காகக் குப்பை வண்டி ஓடாமல் இருக்கத் தேவையில்லை. உங்கள் கட்சியை விடச் சொல்லி நான் கேட்கவில்லை. உங்கள் கட்சிக்குள்ளே, "கணக்குக் காட்டத் தெரிந்த ஆளைப் போடுங்கள், இல்லாவிட்டால் இந்த முறை வோட் இல்லை" என்று சொல்லுங்கள். வட்டாரத்தில் வெற்றி தோல்வி சில சமயம் பத்து இருபது வாக்கில் முடிகிறது, ஆகவே கட்சிக்காரருக்கு அது கேட்கும்.

எங்கட வட்டாரத்து ஆள் மேயரா வந்தா எங்களுக்கு நல்லதுதானே?

அந்த ஒரு வட்டாரத்துக்கு நல்லது, அதுவும் கொஞ்ச நாளைக்கு. குருமன்காட்டுக்காரர் வந்தால் குருமன்காட்டுக்கு கார்பெட் ரோட்டு, பூந்தோட்டத்துக்காரர் வந்தால் பூந்தோட்டத்துக்கு என்று போனால், அடுத்த தலைவர் வரும்போது உங்கள் ஒழுங்கை நாலு வருசம் காத்திருக்கும். மழைவெள்ளத்துக்கும் வட்டார எல்லை தெரியாது, மேலே அடைத்தால் கீழே நிற்கும். தன் வட்டாரத்துக்கு வெளியே நாலு வட்டாரத்து ஒழுங்கைப் பெயர் சொல்லத் தெரிந்த ஆளா என்று பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள், நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன், பலபேர் மூன்றாவதில் நின்றுவிடுகிறார்கள்.

பொம்பிளையள் வரலாமா? நகர"பிதா" எண்டுதானே சொல்லுறது?

வரலாம், வந்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் சரோஜினி யோகேஸ்வரன் 1998இல் முதல்வரானார். அதே ஆண்டு மே மாதம் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2009 தேர்தலுக்குப் பிறகு யோகேஸ்வரி பற்குணராசா, 2025இல் மதிவதனி விவேகானந்தராஜா. கொழும்பில் 2018இல் ரோசி சேனாநாயக்க. சபைகளில் 25 வீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்று இப்போது சட்டமே சொல்லுகிறது.

வன்னியில் போருக்குப் பிறகு எத்தனை வீடுகளைப் பெண்கள் தனியாக நிமிர்த்தினார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். சந்தையில் கழிப்பறை இல்லாவிட்டால் யார் அந்தரப்படுகிறார்கள், தெருவிளக்கு இல்லாத ஒழுங்கையில் ரியூசன் முடிந்து பிள்ளை வரும்வரை யார் படலையில் நிற்கிறார்கள் என்று யோசித்தால் பதில் வந்துவிடும். மேலே சொன்ன அந்தப் பொருளாளர் அக்காவை நாங்கள் தேர்தலில் நிற்கச் சொல்லிக் கேட்டோம். "என்னைக் கெட்ட கதை கதைப்பாங்கள் தம்பி" என்று மறுத்துவிட்டார். அவர் மறுத்தது எங்கள் ஊருக்கு நட்டம், அவரை அப்படி மறுக்க வைத்ததும் எங்கள் ஊர்தான்.

தமிழர், முஸ்லிம், சிங்களவர் எல்லாரும் இருக்கிற ரவுணுக்கு எப்பிடியான ஆள் வேணும்?

வவுனியா பஜாரில் அரை மணித்தியாலம் நின்றால் மூன்று மொழி கேட்கும். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சனம் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் திரும்பி வந்து குடியேறிக்கொண்டிருக்கிறது. மலையகத்தில் கலவரங்களுக்கு அஞ்சி வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் வன்னி முழுக்க இருக்கிறார்கள், சபை ஒழுங்கை போடும்போது கடைசியாக ஞாபகம் வருவதும் பெரும்பாலும் அவர்களுடைய குடியிருப்புகள்தான். தனக்கு வோட் போடாத தெருவுக்கும் அதே தாரைப் போடுகிற ஆள் வேண்டும்.

இன்னொன்றும் பாருங்கள். குப்பை அள்ளுகிற சுகாதாரத் தொழிலாளியுடன் அவர் எப்படிக் கதைக்கிறார்? "வாங்கோ, இருங்கோ" என்கிறாரா, பெயர் தெரியுமா, அல்லது வயதில் மூத்தவரையும் "டேய்" என்கிறாரா? மழைக்காலத்தில் அந்த மனிதர்களின் கையில் கையுறையும் காலில் பூட்ஸும் இருக்கிறதா என்று கேட்கிற ஒருவரை நான் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிப்பேன்.

கூப்பிட்டவுடன ஃபோன் எடுக்கிறவர் நல்ல மேயர்தானே?

எடுப்பது நல்லதுதான், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவெடுத்து நாங்கள் இரண்டு மழைக்காலம் பட்டிருக்கிறோம். எந்தச் சபை என்று சொல்லவில்லை, எங்கள் ஊர் ஒழுங்கை மூலையில் ஒரு மதகு. கார்த்திகை மழைக்கு ஒவ்வொரு முறையும் தண்ணீர் மறித்து மூலைவீட்டு மாமியின் குசினிக்குள் போகும். தலைவருக்கு ஃபோன் எடுப்போம், முதல் மணிக்கே எடுப்பார், "இண்டைக்கே ஆள் அனுப்புறன்" என்பார். உழவு இயந்திரம் வரும், இரண்டு பேர் மண்வெட்டியால் மண்ணை அள்ளிக் கரையில் போடுவார்கள், ஃபோன் எடுத்த வீட்டு முன்பக்கம் மட்டும் துப்புரவாகும். அடுத்த மழைக்கு அதே மண் திரும்ப உள்ளே.

மூன்றாம் வருசம் புதிதாக வந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் இறங்கி, குழாய்க்குள் கையை விட்டுப் பார்த்து, மட்டம் வைத்து அளந்தார். மதகுக்குள் போட்ட கொங்கிறீட் குழாயின் அடி, வாய்க்காலின் அடியைவிட ஒரு சாண் உயரம். தண்ணீர் ஏறித்தான் போக வேண்டும். எத்தனை தடவை மண் அள்ளினாலும் ஒன்றும் ஆகாது. குழாயைக் கிளப்பி இறக்கிப் போட்டார்கள், மாமியின் குசினி அதற்குப் பிறகு நனையவில்லை. ஃபோனுக்குப் பதில் சொல்லுகிற ஆளைவிட, ஏன் ஒரே முறைப்பாடு மூன்று வருசமாக வருகிறது என்று முறைப்பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கிற ஆள் மேல்.

வரி கூட்டுவன் எண்டு சொல்லுறவருக்கு ஏன் வோட் போடவேணும்?

உண்மையைச் சொல்லுகிறார் என்பதற்காக. சபைக்குக் காசு வருகிற வழி ஆதனவரி (சோலைவரி என்றும் சொல்லுவோம்), சந்தை, கடை வாடகை, அனுமதிப்பத்திரக் கட்டணம், மாகாணத்தின் ஊடாக வருகிற முத்திரைத் தீர்வை, பிறகு அரசாங்கம் தருவது. எல்லாம் இலவசம் என்று சொல்லுகிறவரிடம் எதிலிருந்து செய்வார் என்று கேளுங்கள்.

கூட்டுவதற்கு முதல், நிலுவையில் இருக்கிறதை அறவிடுகிறாரா என்பது முக்கியம். பெரிய கடைக்காரரின் பாக்கியைத் தொடாமல் ஓட்டுவீட்டுக்காரருக்கு அறிவித்தல் அனுப்புகிறவர் வேண்டாம். நாங்களும் எங்கள் பக்கத்தைச் செய்ய வேண்டும், முழு வருச வரியையும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 வீதக் கழிவு இருக்கிறது, இதைக் கேட்டுவிட்டு "அப்பிடி ஒண்டு இருக்கா?" என்று ஆச்சரியப்படுகிறவர்கள் இன்னும் வருகிறார்கள்.

"ஆணையாளர் விடுறார் இல்லை" எண்டு சொல்லுறாங்கள். உண்மையா, சாட்டா?

இரண்டும் நடக்கும். மாநகர சபையில் ஆணையாளரும், நகர சபை பிரதேச சபைகளில் செயலாளரும் நிர்வாகத்தைப் பார்க்கிறார்கள், காசோலையும் கோவையும் அவர்கள் வழியாகத்தான் போகும். சட்டத்துக்கு மாறான வேலையை அவர்கள் மறித்தால் அது நல்லது. வேண்டுமென்று இழுத்தடித்தால், மேயர் அதைக் கடிதத்தில் எழுதி, சபைக் கூட்டத்தில் வைத்து, கூட்டறிக்கையில் பதிய வைக்கலாம். அப்படி ஒரு கடிதமும் எழுதாமல் தேநீர்க் கடையில் மட்டும் குறை சொன்னால் அது சாட்டு.

கூட்டம் முழுக்கச் சண்டை. இதுக்கு என்ன குணம் வேணும்?

முன்பு சொன்னதுபோல் யாருக்கும் பெரும்பான்மை இல்லாத சபைகளில் மேயரின் முதல் வேலை ஆட்களைச் சேர்த்து வைத்திருப்பது. யாழ்ப்பாண மாநகர சபையில் 2020 டிசெம்பரில் பாதீடு இரண்டாம் தடவையும் தோற்றபோது முதல்வர் பதவி இழந்தார், அந்த மாத முடிவிலேயே இன்னொருவர் தெரிவானார். பாதீடு என்பது வெறும் கணக்கு இல்லை, அதைக் கொண்டுவருவதற்கு முதலே எதிர்த்தரப்பு உறுப்பினரின் வீட்டு வாசலுக்குப் போய், "உங்கட வட்டாரத்துக்கு என்ன தேவை, இதில என்ன பிழை?" என்று கேட்கிற மனம் வேண்டும். தோற்றுப்போன போட்டியாளருடன் தேர்தலுக்கு அடுத்த கிழமை எப்படிப் பழகுகிறார் என்று பார்த்தால் இது தெரிந்துவிடும்.

குப்பைப் பிரச்சினைக்கு ஒரு மேயராலும் முடிவு காணேலாது. பிறகு ஏன் கதைக்கிறியள்?

நாலு வருசத்தில் முடிக்க முடியாமல் இருக்கலாம், ஆனால் தொடங்க முடியும். வவுனியாக் குப்பை பம்பைமடுவுக்குப் போகிறது. அங்கே இருக்கிற சனம் மணத்துக்கும் புகைக்கும் எதிராக வீதியில் இறங்கியிருக்கிறது, பக்கத்தில் பல்கலைக்கழகமும் இருக்கிறது. எங்கள் வாசலிலிருந்து குப்பை போனால் போதும், எங்கே போகிறது என்று எங்களுக்குக் கவலையில்லை என்றிருந்தால், மேயரும் அப்படித்தான் இருப்பார். உக்குவதையும் உக்காததையும் வீட்டிலேயே பிரிக்கச் சொல்லி, பிரிக்காத பையை எடுக்காமல் விட்டுப்போகிற துணிச்சல் உள்ளவர் வேண்டும். முதல் மூன்று மாதம் எல்லாரும் ஏசுவோம். அந்த ஏச்சைத் தாங்க வேண்டும்.

வருமுன் காக்கிற குணத்துக்கு இன்னொரு உதாரணம் கிளிநொச்சி. 2016 செப்டெம்பரில் பொதுச் சந்தையில் தீப்பிடித்து நூறு கடைக்கு மேல் எரிந்தது. அப்போது கிளிநொச்சியில் தீயணைப்புப் படை இல்லை, யாழ்ப்பாணத்திலிருந்து வாகனம் வரவேண்டியிருந்தது. போருக்குப் பிறகு ஒன்றுமில்லாத இடத்திலிருந்து கடன்பட்டுத் தொடங்கிய கடைகள் அவை. தீயணைப்பு வாகனம் வாங்குவது வோட் கொண்டுவராது, திறப்புவிழாவுக்குக் கூட்டமும் வராது. அதைக் கேட்டு அலைகிறவர் யாரென்று பாருங்கள்.

தெரிவு செய்த பிறகு ஒழுங்காச் செய்யிறாரோ எண்டு எப்பிடித் தெரியும்?

மாதாந்தச் சபைக் கூட்டத்தைப் பொதுமக்கள் இருந்து பார்க்கலாம். போய்ப் பாருங்கள், வருசத்தில் ஒருமுறையாவது. பாதீட்டைச் சபையில் வைக்க முதல் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள், அதைப் புரட்டிப் பாருங்கள், உங்கள் ஒழுங்கையின் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எந்த வீதிக்கு எவ்வளவு, யாருக்கு ஒப்பந்தம் என்று எழுதிக் கேட்டால், 14 வேலை நாளுக்குள் தகவல் உத்தியோகத்தர் முடிவு சொல்ல வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. நல்ல மேயர் இந்தக் கடிதத்தைக் கண்டு முகம் சுளிக்க மாட்டார், கேட்க முதலே அறிவித்தல் பலகையில் ஒட்டியிருப்பார்.

பிழையான ஆளைத் தெரிவு செய்திட்டம். இறக்கலாமா?

நாங்கள் நேரே திருப்பி அழைக்கச் சட்டத்தில் வழி இல்லை. சபைக்குள் பாதீட்டைத் தோற்கடிப்பது ஒரு வழி, கட்சி உறுப்புரிமையை நீக்கினால் ஆசனம் போவது இன்னொரு வழி, பெரிய முறைகேடு என்றால் விசாரணை வைத்து நீக்கலாம். எதுவும் எங்கள் கையில் நேராக இல்லை. ஆகவேதான் முன்கூட்டியே இவ்வளவு பார்க்கச் சொல்லுகிறேன்.

நாலு வருசம் முடிய கட்டாயம் தேர்தல் வருமா?

வர வேண்டும். ஆனால் நடந்ததைச் சொல்லுகிறேன். 2018 பெப்ரவரி 10இல் தெரிவான சபைகளுக்கு 2022இல் ஒரு வருசம் நீடிப்புக் கொடுத்தார்கள். 2023 மார்ச் 9இல் நடக்கவேண்டிய தேர்தல், காசு ஒதுக்கவில்லை என்று நடக்கவில்லை. சபைகள் அதே மார்ச் 19இல் கலைந்தன. அப்படி நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. கடைசியில் 2025 மேயில்தான் வோட் போட்டோம். இடையில் இரண்டு வருசத்துக்கு மேல் மேயரும் இல்லை, தவிசாளரும் இல்லை, உத்தியோகத்தர்கள் மட்டும் நடத்தினார்கள். மாகாண சபை இன்னும் மோசம், வடக்கில் 2013 செப்டெம்பரில் ஒரே ஒரு தேர்தல், 2018இல் காலம் முடிந்தது, அதோடு சரி.

அந்த இரண்டு வருசமும் கடைக்கு வந்தவர்கள் "இந்தக் கடிதத்தை ஆருக்கு எண்டு போடுறது?" என்று கேட்டார்கள். பதவிப் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

நானே நிண்டா என்ன?

நில்லுங்கள். 18 வயது நிறைந்து அந்தச் சபை எல்லைக்குள் வாக்காளராகப் பதிந்திருந்தால் போதும். ஒன்று மட்டும் கவனியுங்கள், தனி ஆளாகப் பத்திரம் போட முடியாது, கட்சியிலோ சுயேச்சைக் குழுவிலோ சபைக்கான முழுப் பட்டியலாகத்தான் கொடுக்க வேண்டும், அதில் பெண்களின் எண்ணிக்கை குறைந்தால் பட்டியலே நிராகரிக்கப்படும். ஒரு கையொப்பம், ஒரு திகதி பிழைத்து முழுக் குழுவும் வெளியே நின்றதைக் கண்டிருக்கிறேன். பத்திரத்தைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். இரண்டு நாள் முன்னதாகக் கொண்டு வாருங்கள், கடையில் வைத்து வரிக்கு வரி சேர்ந்து பார்ப்போம், அதற்குக் காசு வேண்டாம்.